பதினொன்று ஏன் போதாது? கணித வகுப்பில் பேச்சுக்கு உரிய இடம்

பீங்கான் மண் சூளையில் சுருங்கும். ஈரம் காயும்போது கொஞ்சம் சுருங்கும். 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வேகும்போது இன்னும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணின் கலவையையும் சூட்டின் அளவையும் பொறுத்தது. கணக்கின் வசதிக்காக, நீளத்தில் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு செய்கிறவருக்கு இது அரிச்சுவடி. கொலுப்படியில் நிற்கப்போகும் பொம்மையோ, மின்சாரப் பெட்டிக்குள் போகும் பியூஸ் கட்டையோ, எதுவானாலும் வேண்டிய அளவைவிட அச்சு பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக?

பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை வேண்டும். மண் நூற்றுக்குப் பத்து சுருங்கும். அச்சின் உயரம் என்ன? ஏழாம் வகுப்பில் கேட்டால் முதலில் எழும் குரல் பெரும்பாலும் 'பதினொன்று' என்றே சொல்லும். பட்டதாரிகளிடம் கேட்டாலும் அப்படித்தான். விடை தவறு. ஆனால் முட்டாள்தனமான தவறு அன்று. அதன் பின்னால் ஒரு நியாயம் நிற்கிறது. அந்த நியாயம் வகுப்பின் நடுவில் வந்து நின்று, மற்றப் பிள்ளைகளின் நியாயத்தோடு மோதும்போதுதான் கணிதம் புரியத் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் கடந்த இருநூறு ஆண்டுகளில் பலவிதமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. தவறான விடை காரணத்தோடு எழுந்து நிற்க ஓர் இடத்தை மட்டும் அந்தத் திருத்தங்கள் எதுவும் செய்து தரவில்லை என்பது வாதத்தின் மறுபாதி.

கணக்குக்குள் இருக்கும் வழிகள்

இங்கே வருவது ஒரு வகுப்பில் நடந்ததன் பதிவு அன்று. இந்த ஒரு கணக்குக்குள் எத்தனை வழிகள் கிளைக்கின்றன என்று பார்க்கும் முயற்சி. கணிதத் தத்துவத்தில் இதற்கு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. இம்ரே லகடோஸ் 1963–64இல் தொடராக எழுதி, 1976இல் நூலாக வந்த 'நிரூபணங்களும் மறுப்புகளும்' முழுக்கவே ஒரு கற்பனை வகுப்பறை. பன்முகத் திண்மங்களின் முனைகள், விளிம்புகள், முகங்கள் பற்றிய ஆய்லரின் வாய்பாட்டை முன்வைத்து, மாணவர் ஒருவர் மாற்றி ஒருவர் எதிர்க்காட்டு கொண்டுவந்து போடுகிறார்கள். கணிதம் வளர்ந்தது இப்படித்தான், பாடநூலில் அச்சாகும் வரிசையில் அன்று என்பது லகடோஸின் கட்சி.

நம் கணக்குக்கு வருவோம். "பத்துல நூத்துக்குப் பத்துன்னா ஒண்ணு. சுருங்கிப் போறதை முன்னாடியே சேத்துட்டா பதினொண்ணு." இது முதல் நியாயம். ஆசிரியர் 'தப்பு, உட்கார்' என்று சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல், 'அப்படியா, மத்தவங்க என்ன சொல்றீங்க?' என்று விட்டால், யாராவது ஒருத்தி அந்த அச்சில் எடுத்த பொம்மையை மனத்துக்குள் சூளைக்கு அனுப்பிப் பார்ப்பாள். பதினொன்றில் நூற்றுக்குப் பத்து 1.1. மிச்சம் 9.9. பத்து வரவில்லை.

இந்த இடத்தில் மூன்று விதமான பேச்சு எழலாம். ஒன்று, "ஒரு மில்லிமீட்டர்தான, போனாப் போவுது." இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளக் கூடாது, தோராயம் என்ற பெரிய கருத்து இதற்குள் இருக்கிறது. பொம்மைக்கு ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. பித்தளைத் தகடு பொருந்த வேண்டிய பியூஸ் கட்டைக்கு அது குப்பைக்குப் போகும் சரக்கு. எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதை எண் தீர்மானிப்பதில்லை, பொருள் தீர்மானிக்கிறது. இரண்டாவது, "0.1 குறையுதுல்ல, அதையும் சேத்துடு." 11.1 ஆகிறது. சுருக்கிப் பார்த்தால் 9.99. இன்னும் 0.01 குறைகிறது. சேர்த்தால் 11.11, சுருங்கினால் 9.999. ஒவ்வொரு முறையும் பத்துக்கு நெருங்குகிறது, பத்தைத் தொடுவதில்லை. முடிவிலாத் தொடர் என்று பிற்பாடு படிக்கப்போவதை இந்தப் பிள்ளை சூளை வாசலிலேயே பார்த்துவிட்டது. பாடநூலில் அது வர இன்னும் பல வகுப்பு தாண்ட வேண்டும்.

மூன்றாவது பேச்சு திசையையே மாற்றுகிறது: "அச்சைப் பத்துப் பங்காப் போடு. ஒரு பங்கு போயிடுது, ஒன்பது பங்கு நிக்குது. அந்த ஒன்பது பங்குதான் பத்து சென்டிமீட்டர்." ஒரு பங்கு பத்தை ஒன்பதால் வகுத்தது, அச்சு பதினொன்றே ஒன்பதில் ஒன்று. இரண்டாவது பிள்ளையின் முடியாத 11.111… என்பதும் இந்தப் பிள்ளையின் ஒன்பதில் ஒன்றும் ஒரே எண் என்பது இருவரும் எதிரெதிரே நின்றால்தான் தெரியும். தசமமும் பின்னமும் தனித்தனிப் பாடமாகவே போய்க்கொண்டிருந்த வகுப்பில் இவை இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை.

சூத்திரத்தை முதலிலேயே கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மை. நூற்றைத் தொண்ணூறால் வகு, பத்தால் பெருக்கு. தேர்வு வரை நினைவிலும் இருக்கும். இழப்பது ஒன்றைத்தான்: 'எதில் பத்து?' என்ற கேள்வியை. சதவீதக் கணக்கு ஒவ்வொன்றிலும் 'எதில்' என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. முதல் பிள்ளை பொம்மையில் பத்து எடுத்தது. சூளை அச்சில் பத்து எடுக்கிறது. விலையை நூற்றுக்குப் பத்து ஏற்றிவிட்டு ஆடித் தள்ளுபடியில் நூற்றுக்குப் பத்து குறைக்கும் கடைக்காரர் நூறு ரூபாய்ச் சேலையை 99 ரூபாய்க்குத் தருகிறார் என்பதும் இதே கணக்குதான். 11 என்ற விடையோடு வாதாடி வென்ற பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது வேறொரு பாடம், வேறொரு சூத்திரம்.

இன்னும் ஒரு கேள்வியை விட மனமில்லை. பொம்மையின் பீடத்துக்கு நான்கு மூலை, ஒவ்வொன்றும் 90 பாகை. எல்லாம் நூற்றுக்குப் பத்து சுருங்கினால் மூலை 81 பாகை ஆகுமா? ஆகும் என்று உறுதியாக நிற்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். நான்கு மூலையும் 81 ஆனால் கூட்டுத்தொகை 324. ஆனால் நாற்கரத்துக்கு 360 வேண்டுமே என்று இன்னொரு பிள்ளை மறிக்கும். நீளம் சுருங்கும், கோணம் சுருங்காது. வடிவொத்த உருவங்கள் பற்றிய பாடம் முழுவதும் இந்த ஒரு சண்டைக்குள் அடங்கிவிடும். பத்துக்குப் பத்துக்குப் பத்து கட்டைகளால் ஆன கனசதுரம் ஒன்பதுக்கு ஒன்பதுக்கு ஒன்பதாகச் சுருங்கினால் ஆயிரம் கட்டையில் 729தான் மிச்சம். கோப்பை எல்லாப் பக்கமும் பத்து சதவீதம் சுருங்கினால் கொள்ளும் தண்ணீர் 27 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இதை ஆசிரியர் சொல்லி நம்ப வைப்பது கடினம். தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்த பிள்ளை சொன்னால் நம்புவார்கள்.

ஒத்தையா ரெட்டையா

வகுப்பறைப் பேச்சு பற்றிய ஆய்வுகளில் மிகுதியாக எடுத்துப் பேசப்படுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மூன்றாம் வகுப்பில் 1990 ஜனவரி 19 அன்று நடந்தது. அங்கே கணிதம் கற்பித்தவர் டெபோரா பால். பல்கலைக்கழக ஆய்வாளர், பள்ளி ஆசிரியரும்கூட. ஷான் என்று ஆய்வில் குறிப்பிடப்படும் பையன், ஆறு இரட்டைப்படையும் ஒற்றைப்படையுமாக இருக்க முடியும் என்றான். காரணமும் வைத்திருந்தான்: ஆறில் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றைப்படை. பால் அதைத் திருத்தவில்லை. அப்படியானால் பத்தும் அந்த வகைதானே, இப்படியே போனால் எல்லா எண்ணும் அப்படி ஆகிவிடாதா என்று ஒரு சிறுமி மறித்தாள். ஷான் யோசித்தான், பத்தையும் சேர்த்துக்கொண்டான், தான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்பி, எடுத்துக்காட்டியதற்கு நன்றியும் சொன்னான். இன்னொரு சிறுமி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்று மிஞ்சினால்தான் ஒற்றைப்படை என்று வரையறையைக் கறாராக்கினாள். கடைசியில் 2, 6, 10, 14 என நான்கு நான்காகத் தாண்டும் எண்களுக்கு வகுப்பில் 'ஷான் எண்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒன்று உடனே தோன்றும். அந்தச் சிறுமி வாதாடி அடைந்த வரையறை நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒத்தையா ரெட்டையா' என்று கேட்கும் விளையாட்டில், கையைத் திறந்து ஜோடி ஜோடியாக ஒதுக்கி, ஒன்று தனியே நின்றால் ஒத்தை. ஆங்கிலச் சொற்களில் இந்த ஜோடி தெரிவதில்லை, தமிழில் தெரிகிறது. இது தமிழ்ப் பெருமைக்காகச் சொல்வதன்று. சொல்லுக்குள் வரையறை இருப்பதால் மட்டும் பிள்ளைக்கு வரையறை புரிந்துவிடாது. 'மூணு ஜோடி இருக்கே, மூணு ஒத்தைதானே' என்று நம் ஊர் ஷான் கேட்டால்தான் புளியங்கொட்டையை எண்ணுவதா, ஜோடியை எண்ணுவதா என்ற வேறுபாடு வெளியே வரும். எதை எண்ணுகிறோம், எதில் பத்து எடுக்கிறோம் என்ற இரண்டும் ஒரே வகைக் கேள்விகள்.

பாலின் வகுப்பில் பேச்சைப் பயனுள்ளதாக்கியது எது? பிள்ளைகள் நிறையப் பேசினார்கள் என்பது மட்டும் காரணமில்லை. சரிபார்க்கும் அதிகாரம் அவர்களிடமே இருந்தது. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் கேட்பார், பிள்ளை விடை சொல்லும், ஆசிரியர் தீர்ப்புச் சொல்வார். ஹியூ மெஹன் 1979இல் பதிவு செய்த இந்த மூன்றடித் தாளம் உலகத்து வகுப்பறைகளுக்கெல்லாம் பொது. தீர்ப்பு வந்ததும் சிந்தனை நின்றுவிடுகிறது, விடை சரியாக இருந்தாலும் சரி. கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் என்று மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். அதை மூன்று வினாடி ஆக்கினால் விடைகள் நீண்டன, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம் என்று ஒன்று கல்வியில் இருக்குமானால் அது இந்த இரண்டு வினாடிதான்.

ஒப்பித்தலும் அட்டையும்

தமிழ்நாட்டில் வகுப்பறை எப்போதும் மௌனமாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் தெருக்கோடி வரை சத்தம் கேட்கும். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகிய வாய்ப்பாடுகள் ஓங்கிய குரலில் ஓதப்பட்டன. சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர் பின்சொல்வார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து செந்தில்பாபு செய்த ஆய்வுகள் இந்த மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கியதை மறுக்கின்றன. நினைவே அங்கே கற்கும் வழி என்றும், ஊரின் நிலமும் நெல்லும் கூலியும் அந்தக் கணக்கோடு பிணைந்திருந்தன என்றும் அவர் காட்டுகிறார். மறுப்பதற்கில்லை. மாகாணி என்ற பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மா 1/20, காணி 1/80, இரண்டும் சேர்ந்தால் 1/16. பெயரே ஒரு கூட்டல் கணக்கு. (விருத்தாசலத்தைச் சுற்றிலும் முந்திரித் தோப்பு. இன்றைய பிள்ளைக்கு முந்திரி என்றால் கொட்டை. அன்றைய பிள்ளைக்கு 1/320.)

என் கருத்து வேறுபாடு ஒரே இடத்தில்தான். கூட்டாக ஒப்பிப்பது வேறுபாட்டைத் தாங்காது. ஒரு குரல் பிசகினால் அது கருத்தாகாது, பிசகாகவே இருக்கும். பிரம்பும் அதற்காகவே இருந்தது. மாகாணி ஏன் மாகாணி என்று ஒரு பிள்ளை மனத்துக்குள் கண்டுபிடித்திருக்கலாம். அதை எழுந்து சொல்லி மற்றவரோடு வாதாட ஒப்பித்தலின் தாளத்தில் இடைவெளி கிடையாது.

சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்தும் போனது. சென்னை எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தில் 1789 முதல் 1796 வரை பொறுப்பில் இருந்த ஆண்ட்ரு பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை 1797இல் நூலாக எழுதினார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பரவியது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்று இதைக் காட்டுவோர் உண்டு. சொன்னதைக் கடத்தும் பிள்ளை சின்ன ஆசிரியர்தான். எதிர்வாதம் செய்யும் தோழன் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு அண்மைக்காலம் வரை தொடர்கிறது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் பெரிய திருப்பம். ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து வளர்ந்தது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது, பயம் குறைந்தது. அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். இதையெல்லாம் குறைத்து மதிப்பிடுகிறவர் அதற்கு முந்தைய வகுப்பறையைப் பார்த்திராதவர். ஆனால் கணிதத்துக்கு அந்த ஏணி ஒரு விலை கேட்டது. ஒரே வட்டத்தில் உட்கார்ந்த ஐந்து பிள்ளைகளும் ஐந்து அட்டைகளில் இருந்தார்கள். சக மாணவர் உதவிக்கென்று குழு இருந்தது, உதவி இருந்தது, வாதம் இல்லை, ஏனென்றால் பொதுக்கேள்வி இல்லை. பெருந்தொற்றின் இழப்பை ஈடுகட்ட 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தது. பின்தங்கியவரைக் கைவிடக் கூடாது என்ற நோக்கம் நேர்மையானது. அதே பிரிப்பு, 11 என்று சொல்லும் பிள்ளையையும் 'போட்டுப் பாரேன்' என்று சொல்லக்கூடிய பிள்ளையையும் வேறு வேறு பயிற்சிநூலில் உட்கார வைத்துவிடுகிறது. சண்டை மூள இருவர் ஒரே களத்தில் இருக்க வேண்டாமா?

இங்கே தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ நினைவுபடுத்துவது தகும். கணிதம் கற்பித்தல் பற்றிய அதன் நிலைப்பாட்டு அறிக்கையை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. இராமானுஜம். கணக்குப் போடத் தெரிவது குறுகிய நோக்கம், பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவது உயர்ந்த நோக்கம் என்று அது வகைப்படுத்தியது. இருபது ஆண்டு கழிந்தும் நம் தேர்வுத்தாள் குறுகிய நோக்கத்தையே அளக்கிறது.

மூன்று தடைகள்

நேரமில்லை என்பது முதல் தடை. பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு பொம்மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியுமா? எல்லாக் கணக்குக்கும் வாதம் தேவையில்லை என்பதே என் விடை. வாய்ப்பாட்டைப் படித்தே ஆக வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கு ஓட்டெடுப்பு நடத்துவது அசட்டுத்தனம். தவறான விடைக்கு நல்ல காரணம் இருக்கக்கூடிய கேள்விகள் ஒரு பருவத்துக்கு நான்கைந்து கிடைத்தால் போதும்.

இரண்டாவது தடை கனமானது. பேச்சு என்றதும் யார் பேசுவார்கள்? வீட்டில் பேசிப் பழகியவர், முன்வரிசைக்காரர், பெரும்பாலும் பையன்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவரும், ஊரில் குரல் உயர்த்த உரிமை மறுக்கப்பட்ட தெருவிலிருந்து வந்தவரும் இன்னும் ஒடுங்கிப்போவார்கள். உரையாடலைப் புகழும் கட்டுரைகள் பல இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. தாண்டக் கூடாது. முதலில் எல்லோரும் சிலேட்டில் விடையை எழுதட்டும், படமாக வரையட்டும். பிறகு பேச்சு தொடங்கட்டும். 'அவ சொன்னதை நீ உன் வார்த்தையில சொல்லு' என்று கேட்கும் ஆசிரியர் கேட்பதையும் வகுப்புவேலை ஆக்குகிறார். எந்தத் தமிழில் பேசுவது என்பதும் இதில் அடங்கும். 'சுருங்கிப்பூடுது' என்ற சொல்லைத் திருத்தும் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் வாதத்தை மூடிவிடுகிறார். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்கள், வியாபாரத்தில் வந்த கணக்கை வாயாலேயே 98 சதவீதம் சரியாகப் போட்டார்கள். அதே கணக்கை எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதந்தான் சரி. 1985இல் வெளியான இந்த ஆய்வில் பங்குபெற்றவர்கள் ஐந்தே சிறுவர்கள். அளவு சிறிது, நம் ஊர்ச் சந்தையைப் பார்த்தவருக்கு முடிவில் ஆச்சரியம் இராது.

மூன்றாவது தமிழ்நாட்டுக்கே உரிய தடை. தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றாலே நம் நினைவில் 1953 எழும். ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் கிராமத் தொடக்கப்பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. சூளையை வகுப்புக்குள் கொண்டுவருவதும் அதே பாதைதானா என்று ஐயப்படுகிறவர் நியாயமாகத்தான் ஐயப்படுகிறார். இங்கே நான் கேட்பது திசையில் நேர் எதிரானது. அத்திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பியது. இங்கே தொழிலின் கேள்வி மட்டும் பள்ளிக்கு வருகிறது, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக. மண் பிசைகிறவரின் மகளை எழுப்பி 'உங்க அப்பா எப்படிச் செய்வாரு?' என்று கேட்கும் ஆசிரியர் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர். சுருக்கம் எந்தச் சாதியின் கணக்கும் அன்று.

விருத்தாசலத்தில் இதற்கான பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் ஊரிலேயே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்து நிலத்துச் சரக்கு. சூளைக்குப் போகாத ஒரு பொம்மையும் வெந்து வந்த அதே அச்சுப் பொம்மையும் ஓர் அடிக்கோலும் இருந்தால் வகுப்புக்கு வேறு கருவி வேண்டாம்.

பாடநூல் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்புச் சதவீதப் பாடத்தின் முதல் பக்கத்தில் இந்தப் பொம்மைக் கணக்கை வையுங்கள். கீழே மூன்று பிள்ளைகளின் விடையையும் அவரவர் காரணத்தோடு அச்சிடுங்கள்: 11, 11.1, பதினொன்றே ஒன்பதில் ஒன்று. எது சரி என்று அந்தப் பக்கத்திலும் சொல்லாதீர்கள், புத்தகத்தின் பின்னால் விடைப்பட்டியலிலும் சொல்லாதீர்கள்.